மன்னர் பிழை செய்யார்

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் 1930இல் அமைந்தது. 1990இல் போரிலே தகர்ந்தது. 2010இல் புதிதாய் எழுந்து திறக்கப்பட்டது. தீவில் தீராத நோய்க்கு வவுனியாவையோ அநுராதபுரத்தையோ யாழ்ப்பாணத்தையோ நாடும் நோயாளர் காவு வண்டி, இப்பாலத்தைக் கடந்தே நெடுவழி செல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வாழ்பவர்க்கு அப்பயணம் தனியாபத்து உடையது. முள்ளந்தண்டு சிதைந்தவரின் கால்கள் உணர்விழந்தவை. நாளடைவில் அவற்றின் எலும்புகளும் வலுக் குன்றும். நாற்காலியைத் தரையோடு இறுகப் பிணைக்காவிடின், வண்டி திடீரென நிற்கும்போது எலும்பு முறியக்கூடும். அம்முறிவை அவரே உடனே அறியாதிருத்தலும் உண்டு.

அந்த முறிவுக்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாவுக்கு இலங்கைச் சட்டம் அளித்த விடையிலே ஒரு வர்க்கத்தின் வரலாறே அடங்கியுள்ளது.

அரசு செய்த ஒப்பந்தத்தின்மேல் குடிமகன் வழக்கிடலாம் என்பதைப் பிரிவி கவுன்சில் 1884இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசின் ஊழியர் கவனயீனத்தால் இழைத்த தீங்குக்கு அரசிடம் நட்டஈடு கோர முடியாது என்பதைக் கொழும்பு மின்சார டிராம்வேக் கம்பனி வழக்கிலே 1913இல் இலங்கை உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஒப்பந்தக்காரனுக்குத் திறந்த கதவு, உடல் ஒடிந்தவனுக்கு மூடிக் கிடந்தது. 'மன்னர் பிழை செய்யார்' என்ற கோட்பாட்டின் நிழல் அது.

அக்கோட்பாட்டைப் பிறப்பித்த இங்கிலாந்தே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைக் கைவிட்டது. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கையோ அதனை இறுகப் பற்றிக்கொண்டது. அரச வண்டியிலே காயமுற்ற நோயாளி, சொற்பச் சம்பளக்காரனான சாரதியைத் தனியே வழக்கிற்கு இழுக்கலாம். அவனை ஏவிய அரசைத் தொட இயலாது. ஏழையை ஏழையோடு மோதவிட்ட இந்நிலை, 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நீடித்தது. தன் ஊழியர் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டுமென அச்சட்டம் விதித்தது.

கதவு திறந்தது, ஆயின் படிகள் உயரமானவை. வழக்கிட விரும்புவோர் ஒரு மாதம் முன்னரே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். தீங்கு நேர்ந்த இரண்டாண்டுகளுக்குள் வழக்கிடாவிடின் உரிமை காலாவதியாகும். கவனயீனத்தை நிரூபிக்கும் சுமையோ பாதிக்கப்பட்டவர் தோளிலேயே. அதுவும் உணர்விழந்த உடலில் நேர்ந்த முறிவு எந்த நாழிகையில் நிகழ்ந்ததென எவ்வாறு நிரூபிப்பது? ஊனமுற்றோர் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களின் வாயிலைப் பற்றிப் பேசிற்று. வண்டிக்குள் நாற்காலியைப் பிணைக்கும் பட்டியைப் பற்றிப் பேசவில்லை. ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த பின்னரும், உடன்படிக்கையின் வாசகம் தானாக நடந்து மன்னாருக்கு வந்துவிடாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஆற்றத்தக்க பணி இங்குண்டு. நோயாளி வண்டியேறும்போதும் இறங்கும்போதும் அவரது உடல்நிலை எழுத்திலே பதியப்படவும், அதன் பிரதி குடும்பத்தாரிடம் கொடுக்கப்படவும் நாம் கோர வேண்டும். வறியவர்க்கு வழக்குரைக்க 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்துள்ளதென ஊர்தோறும் சொல்ல வேண்டும். இரண்டாண்டுக் கெடு இருப்பதையே அறியாதவர்க்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பிறக்கவேயில்லை.