குளிர் தேடி மலை ஏறியவர்கள்

செலியமேட்டுப் பக்கம் அக்கினி நட்சத்திரம் தகிக்கும்போது, "ஊட்டிக்குப் போனால் தேவலை" என்று பெருமூச்சு விடுகிறோம் அல்லவா? அந்த ஆசைக்கு ஆதி சாட்சிகளில் ஒருவர் நம் புதுச்சேரியிலிருந்து போனவர்தான்.

லெஷனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவர ஆராய்ச்சியாளர் அவர். நோயால் நலிந்த தேகத்துடன், 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் துரையின் கோஷ்டியோடு நீலகிரி ஏறினார். சில வாரங்களில் தெம்பாகிவிட்டார். சல்லிவனோ, கோத்தகிரியை அடுத்த திம்பட்டி என்னும் படகர் கிராமத்தில் பங்களாவே கட்டிவிட்டார்.

மந்திரம் ஒன்றுமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் 6 டிகிரி குறையும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். நாம் இங்கே வேகும் சித்திரையில் அங்கே இளவேனில்!

1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் உதகைக்குப் பெட்டி கட்டியது. ஆனால் மார்கழியிலும் தையிலும் பள்ளங்களில் உறைபனி இறங்கிப் பயிரைக் கருக்குமே, அந்தக் குளிர் யார் பங்குக்கு? படகர் பங்குக்குத்தான்.

லெஷனோ தேறி இறங்கினார். சல்லிவன் குடும்பத்தோடு தங்கினார். உதகை ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மனைவியும் மகளும் உறங்குகிறார்கள். வந்து போகிறவனுக்குத்தான் குளிர் மருந்து; தங்குகிறவனிடம் அது வட்டியும் முதலுமாக வசூலித்துவிடுகிறது.