கண் தெரிந்தும் பொருளை அடையாளம் காண இயலாமை

விஸ்வநத்தம், சிவகாசி சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலைத் தீ விபத்தில் சிக்கிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும், பக்கவாதம் ஏற்பட்டவர்களுக்கும் சில வேளைகளில் இப்பாதிப்பு நேரலாம். கண் பரிசோதனை இயல்பாக இருக்கும். ஆயினும், எதிரே உள்ள டம்ளரைப் பார்த்து அது என்னவென்று அவரால் சொல்ல இயலாது. கையில் எடுத்தவுடன் சரியாகச் சொல்லிவிடுவார். இது நடிப்போ மனநோயோ அன்று. மருத்துவத்தில் இது ‘விஷுவல் அக்னோசியா’ எனப்படும்.

மூளை பொருளை எவ்வாறு அறிகிறது?

விழித்திரையில் விழும் ஒளி, நரம்பு வழியே மூளையின் பின்பகுதியை அடைகிறது. அங்கு கோடு, விளிம்பு, நிறம், அசைவு ஆகியவை பகுத்தறியப்படுகின்றன. பின்னர் அச்செய்தி இரு வழிகளில் செல்கிறது. மூளையின் அடிப்பக்கமாகச் செல்லும் வழி, பொருள் ‘என்ன’ என்பதை அறிகிறது. உச்சி நோக்கிச் செல்லும் வழி, அது ‘எங்கே’ உள்ளது, அதை எவ்வாறு பற்றுவது என்பதை வழிநடத்துகிறது. முதல் வழி மட்டும் பாதிக்கப்பட்டால், பொருள் கண்ணில் படும், அடையாளம் புலப்படாது.

1988-இல் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியை மெல்வின் குடேல், டேவிட் மில்னர் ஆகிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஒரு பிளவு எந்தச் சாய்வில் உள்ளது என்று அவரால் கூற இயலவில்லை. ஆனால், அட்டையை அப்பிளவினுள் சரியாக நுழைத்தார்.

புகையும் மூளையும்

தீப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் உயிர்வளியை எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. முதலில் நலமாகத் தோன்றுபவருக்கும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் கழித்து மூளைப் பாதிப்பின் அறிகுறிகள் வெளிப்படக்கூடும். எனவே தீக்காயம் இல்லையெனினும், புகையில் சிக்கியவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பவர் கவனத்திற்கு

• ‘இது என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதிக்காதீர்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கையில் கொடுங்கள்.
• அன்றாடப் பொருள்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள்.
• முகம் அடையாளம் தெரியாதவரிடம், பெயரைச் சொல்லிவிட்டு அருகில் செல்லுங்கள்.
• மாத்திரைகளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து போன்றவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள்.
• மருத்துவர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓட்டுதல், மருந்துக் கலவை, தீப்பெட்டி வேலைகள் ஆகியவற்றிற்கு அனுப்பாதீர்கள். ஒரு வேதிப்பொருளை மற்றொன்றாகக் கருதிவிட்டால், அவருடன் பணிபுரிவோரின் உயிருக்கும் ஆபத்து.

எப்போது விரைய வேண்டும்?

முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை மாற்றம் ஆகியவை தோன்றினால் 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

பொருளை அடையாளம் காண்பதில் தடுமாற்றம் தொடர்ந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் சிகிச்சை பெறலாம். பாதிப்பின் அளவைப் பொறுத்து முன்னேற்றம் மாறுபடும்; தொடுதல், ஒலி, நிறம் ஆகியவற்றைத் துணையாகக் கொள்ளப் பழகினால், பலர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலும்.