திரை காட்டிய கோளாறுகள்: தமிழ்நாட்டில் டி.வி. மெக்கானிக் தொழில்

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதையொட்டி, அதுவரை ரேடியோ பழுது பார்த்துவந்தவர்கள் பலர் டி.வி.க்கு மாறினார்கள். ரேடியோவின் கோளாறைக் காதால் கேட்டுப் பிடிக்க வேண்டும். டியூப் டி.வி.யோ தன் கோளாறைத் திரையிலேயே வரைந்து காட்டியது. படம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே எந்தப் பகுதி பழுது என்று சொல்லும் திறமைதான் இந்தத் தொழிலின் அடிப்படையாக இருந்தது.

பிக்சர் டியூபின் மூல வடிவத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் பெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் உருவாக்கினார். டியூபின் கழுத்துப் பகுதியிலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரில் பட்டு அதை ஒளிரச் செய்யும். கழுத்தைச் சுற்றியுள்ள யோக் என்னும் கம்பிச்சுருள் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஓட்டும். இந்தியா ஏற்ற முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள்; ஆக, நொடிக்கு 15,625 கோடுகள். இந்த ஓட்டம் ஒளிபரப்பு நிலையத்தின் ஓட்டத்தோடு இம்மியும் பிசகாமல் இருக்க, சிக்னலோடு சிங்க் துடிப்புகளும் சேர்ந்து வரும்.

பிடிப்பு எங்கே நழுவியது என்பதைப் படமே சொல்லிவிடும். படம் மேலும் கீழுமாக உருண்டால் வெர்ட்டிகல் ஹோல்டு. சாய்கோடுகளாகக் கிழிந்தால் ஹரிஸான்டல் ஹோல்டு. இந்த இரண்டு ஹோல்டு திருகுகளைத் திருப்ப வீட்டுக்காரர்களே கற்றிருந்தார்கள். உருளுவதும் கிழிவதும் சேர்ந்தே நடந்தால், இரண்டுக்கும் துடிப்பைப் பிரித்துத் தரும் சிங்க் பகுதியில்தான் குறை. திரை முழுதும் இருண்டு நடுவில் ஒரே ஒரு வெண்கோடு கிடைமட்டமாக நின்றால் வெர்ட்டிகல் பகுதி செத்துவிட்டது. ஓரங்கள் வளைந்து, கறுப்புப் பட்டை ஒன்று மெல்ல ஏறி இறங்கினால் பவர் சப்ளையின் பில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கும். நான்கு பக்கமும் படம் சுருங்குவது மின்னழுத்தக் குறைவின் அடையாளம். ஊர்ப்புறங்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்ததால், டி.வி.யோடு ஸ்டெபிலைசரும் வாங்குவது வழக்கமாயிற்று.

பெட்டிக்குள் பழுதே இல்லாமலும் படம் கெடுவதுண்டு. சிக்னல் வலுவிழந்தால் திரையெங்கும் புள்ளிகள் பொரியும். கட்டடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பிய அலை தாமதமாக வந்து, உருவத்தின் வலப்பக்கம் ஒரு நிழலுருவத்தை விழச்செய்யும். 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை ஒரு மைக்ரோநொடி பிந்தும். 20 அங்குலத் திரையில் அந்த நிழல் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். இதற்கு மருந்து மொட்டைமாடியில் இருந்தது: ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து படத்தின் நிலையைச் சொல்வார். 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், அதைப் பிடிக்கத் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் உயரக் கம்பங்களும் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர்களும் முளைத்தன.

அதே ஆண்டு இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்ததும் கோளாறுகளும் கூடின. வண்ண டியூபில் மூன்று கற்றைகள் துளைத் தகடு ஒன்றைக் கடந்து, தத்தம் நிறப் புள்ளிகளை மட்டுமே தொட வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் அருகில் இருந்தால் தகடு காந்தமேறி, திரையின் மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படியும். சுவிட்சைப் போட்டதும் இந்தக் காந்தத்தைப் போக்க டியூபைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். அதற்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் போசிஸ்டர் கெட்டால் திட்டு மறையாது. அப்போது மெக்கானிக் ஒரு கைக்காயிலைத் திரைமுன் வட்டமாகச் சுழற்றி, மெல்லப் பின்வாங்கி, தூரம் போனபிறகே அணைப்பார்.

பெட்டியைத் தட்டினால் படம் சரியாவதற்கும் காரணம் உண்டு. சூடேறி ஆறும் இடங்களில் ஈயப்பற்று விண்டு டிரை சோல்டர் ஆகிவிடும். தட்டும்போது அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டும். மறுபடி பற்றவைப்பதுதான் நிலையான தீர்வு.

வண்ண டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கும் மேல் தேவை. அணைத்த பின்னும் அந்த மின்னேற்றம் டியூபில் தங்கும். எனவே அதைச் சேஸிஸ் என்னும் உலோகச் சட்டத்துக்கு இறக்கிவிட்டே மெக்கானிக் கைவைப்பார். பழுதான பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகாமல் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். பின்னாலிருந்து திருகும்போது படத்தைப் பார்க்கத் திரைக்கு எதிரே கண்ணாடி ஒன்றை நிறுத்துவார். உதிரி பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு பெயர்பெற்றிருந்தது.

2006-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 14 அங்குல டியூப் பெட்டிகளைச் சிற்றூர்களின் குடிசைகள்வரை கொண்டுசேர்த்தது. திட்டம் 2011-இல் நின்றது. அதற்குள் தட்டைத் திரைகள் பரவத் தொடங்கியிருந்தன. அவற்றில் எலெக்ட்ரான் கற்றையும் இல்லை, அதை ஓட்டும் யோக்கும் இல்லை. ஆகவே படம் உருளவோ சுருங்கவோ காந்தத்தால் நிறம் மாறவோ வழியில்லை. பழுதான போர்டை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவதே பெரும்பாலும் வேலையானது. படத்தைப் பார்த்துப் பாகத்தைச் சொன்ன அந்தத் திறமைக்குத் தேவை குறைய, பல மெக்கானிக்குகள் டிஷ் பொருத்துவதற்கும் செல்போன் பழுது பார்ப்பதற்கும் மாறினார்கள்.