தொங்கும் தூணும் தாங்கும் வரலாறும்: தருமபுரிக் கோட்டைக் கோயிலில் நுளம்பர் கலைமரபு

தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்கு வருவோர் முதலில் விசாரிப்பது தொங்கும் தூணைத்தான். அதன் அடிக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் துணியை நுழைத்து மறுபுறம் இழுத்துப் பார்த்து வியக்கிறார்கள். அந்த வியப்பில் தவறில்லை. ஆனால் பார்வை அந்தத் தூணோடு நின்றுவிட்டால், மல்லிகார்ச்சுனர், காமாட்சியம்மன் சந்நிதிகள் சொல்லும் வரலாறு கேட்காமலே போகிறது. இக்கோயிலைச் சோழர் கலையின் கிளையாக அல்லாமல், நுளம்ப அரசர்களின் கலைமரபுக்குத் தமிழ்நாட்டுச் சான்றாகப் படிப்பதே முறை.

அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூரே இன்றைய தருமபுரி. 9-ஆம் நூற்றாண்டில் இது ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்ட நுளம்பரின் ஆட்சியில் இருந்தது. சக ஆண்டு 815-இல், அதாவது கி.பி. 893-இல், பொறிக்கப்பட்ட மகேந்திர நுளம்பனின் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகச் சகோதரர் இங்கே சமணப் பள்ளி கட்டியதையும், மூலப்பள்ளி என்ற ஊர் அதற்குத் தானமானதையும் பதிவு செய்கிறது. சோழ மன்னன் முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில், அவன் வென்ற நாடுகளுள் ஒன்றாக நுளம்பர் நாடான நுளம்பபாடி இடம்பெறுவது இதற்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்தே. சோழர் வரும் முன்பே இவ்வூரில் கட்டடக்கலையைப் பேணிய அரசும் வணிகரும் இருந்தனர்.

கல்லும் இதையே சொல்கிறது. மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டப விதானம் ஒன்பது கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நடுவில் ஆடும் சிவன், சுற்றிலும் எண்திசைக் காவலர். அண்ணாந்து பார்க்கும் விதானத்தையே சிற்பத்தின் முதன்மைக் களமாக்குவது நுளம்பர் வழக்கம். காமாட்சியம்மன் சந்நிதியின் அடித்தளத்திலோ இராமாயணக் காட்சிகள் சிற்றுருவங்களாக ஓடுகின்றன. குனிந்து, நடந்து, வாசிக்க வேண்டிய கதை அது.

தொங்கும் தூணுக்கும் விளக்கம் உண்டு. ஐரோப்பிய ரோமனெஸ்க் தேவாலயங்களின் வளைவுகள் பக்கவாட்டில் உந்துவதால் அங்கே தடித்த சுவர்கள் தேவைப்பட்டன. இங்கே உத்திரங்கள் நேர்கீழாகவே அழுத்துகின்றன. அடி தரையைத் தொடாத தூண் சுமையைத் தரைக்குக் கடத்த முடியாது. அண்டைத் தூண்களே அதை ஏற்கின்றன. ஆகவே இம்மண்டபத்தின் உண்மையான திறன், ஒரு தூண் விலகினாலும் நிலைகுலையாத கட்டமைப்பில் இருக்கிறது.

நுளம்பர் தூண்களின் அழகைச் சோழர் அறிந்திருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற தூண்கள் திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் இன்றும் நிற்கின்றன. வென்றவர்களே மதித்துச் சுமந்து சென்ற கலை, பிறந்த மண்ணில் பெயரிழந்து நிற்கக் கூடாது. விதானமும் அடித்தளச் சிற்பங்களும் கட்டம் கட்டமாக அளந்து, படமெடுத்துப் பதிப்பிக்கப்பட வேண்டும். சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் அவற்றை மூடுமுன் அது நடக்க வேண்டும்.