ராஜாவின் திருவாசகமும் கொடும்பாளூர் நெற்களஞ்சியமும்

போன மாசம் திருச்சியிலேர்ந்து மதுரைக்கு பைக்ல போறப்ப, விராலிமலை தாண்டினதும் கொடும்பாளூர்ல வண்டியைத் திருப்பிட்டேன். பொன்னியின் செல்வன் படிச்ச மக்களுக்கு ஊரை அறிமுகப்படுத்தவே வேண்டாம், வானதியோட ஊர் :-) இருக்குவேளிர்களின் தலைநகர். பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும் தன் இரண்டு தேவியர் பேரிலும் எழுப்பின மூவர் கோவில் இங்கேதான் இருக்கு. மூணுல இப்ப நிக்கிறது ரெண்டு. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

அந்த அடித்தளத்துக்குப் பக்கத்துல நிழல் பார்த்து உட்கார்ந்து, காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டது இளையராஜாவோட 'திருவாசகம்'. கோவிலுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு, வரேன்.

2005-ல அந்த ஆல்பம் வந்தப்ப நான் சின்னப் பையன். வீட்டுல நடந்த சண்டை மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. மாமா தீவிர ராஜா ரசிகர். 'ஹவ் டு நேம் இட்' (1986) கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர். குறுந்தகட்டை வாங்கிட்டு வந்து, பூஜை மாதிரி எல்லாரையும் உட்கார வெச்சார். தாத்தா சிவபுராணத்தைத் தினமும் மனப்பாடமா சொல்றவர். 'பொல்லா வினையேன்' பாட்டுல ஆங்கில வரிகள் ஆரம்பிச்சதுதான் தாமதம், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார். அப்புறம் ஒரு வாரத்துக்கு மாமாவும் அவரும் சரியாப் பேசிக்கலை.

நம்ம வீட்டுல மட்டுமில்லை, ஊர் முழுக்க அதே பட்டிமன்றம்தான். அன்னிக்குச் சொல்லப்பட்ட கருத்துகளை இப்ப யோசிச்சா ரெண்டு கட்சியாப் பிரிக்கலாம்.

முதல் கட்சிக்காரங்க இசையைப் பத்திப் பேசினாங்க. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்துல பாடுறதுதான் மரபு. அந்த உருக்கத்தை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு தருமா? இது சிம்பொனியே இல்லையே, பாட்டும் கோரஸும் வர்றதால ஆரடோரியோன்னுதானே சொல்லணும்? ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதின ஆங்கிலம் ஒட்டுதா? சில இடம் சினிமா பின்னணி இசை மாதிரி இல்லையா? இதெல்லாம் நியாயமான கேள்விங்க. எனக்கே இன்னிக்கும் அந்த ஆங்கிலப் பகுதி முழுசா ஒட்டலை. தமிழ்ல கெஞ்சுறவர் திடீர்னு மேடை நாடகத்துல நிக்கிற மாதிரி ஒரு உணர்வு. ஆனா 'முத்துநற்றாமம்' அப்படியே மனசை அள்ளிடும். அது திருப்பொற்சுண்ணம், பெண்கள் கூடி உரல்ல இடிக்கிறப்ப பாடுற பாட்டு. அதுல ராஜா நம்ம ஊர் மண்ணை விட்டு நகரவே இல்லை.

ரெண்டாவது கட்சி கேட்டது வேற கேள்வி. இதைத் தொட உங்களுக்கு என்ன உரிமை? தயாரிச்சது தமிழ் மையம். முன்னால நின்னவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஜெகத் கஸ்பர் ராஜ். பக்தி நூலை ஏன் இவங்க செய்யணும்னு சிலருக்கு எரிச்சல். திருவாசகம் முழுசையும் 1900-லேயே ஆங்கிலத்துல கொண்டு வந்த ஜி.யு. போப்பும் ஒரு பாதிரியார்தான்ங்கிறது அந்தச் சூட்டுல மறந்து போச்சு.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. ஹாண்டெலோட 'மெசையா' ஆரடோரியோ 1742-ல டப்ளின்ல அரங்கேறுச்சு. மறுவருஷம் லண்டனுக்கு வந்தப்ப, வேத வசனத்தை நாடகக் கொட்டகையில, நடிகைகள் வாயால பாடுறதான்னு அங்கேயும் இதே சத்தம்தான். இன்னிக்கு அதை தேவாலயத்துலயே பாடுறாங்க.

சரி, கொடும்பாளூருக்கு வருவோம். அறுபத்துமூவர்ல ஒருத்தரான இடங்கழி நாயனார் இந்த ஊர் அரசர். பெரியபுராணம் சொல்ற கதை இது. அடியார்களுக்குச் சோறு போட நெல் இல்லாம, ஒரு அடியார் நள்ளிரவுல அரசரோட களஞ்சியத்துல புகுந்து திருடுறார். காவலர்கள் பிடிச்சு நிறுத்துறாங்க. ஏன் எடுத்தேன்னு கேட்ட அரசர், பதிலைக் கேட்டு உருகிப்போய், களஞ்சியம் மட்டுமில்லை, எல்லாச் செல்வத்தையுமே அடியார்கள் எடுத்துக்கலாம்னு பறை அறைவிச்சுட்டார்.

மாணிக்கவாசகர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். பாண்டியன் குதிரை வாங்கக் குடுத்த பணத்தைக் கோவிலுக்குச் செலவழிச்சவர். அந்தத் திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோவில், இதே புதுக்கோட்டை மாவட்டத்துல அறந்தாங்கிப் பக்கம்தான் இருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, இடங்கழியார் கதையை எனக்குச் சொன்னதே தாத்தாதான். அதுவும் எத்தனையோ தடவை! பூட்டை உடைச்சவனைக் கும்பிட்ட ராஜாவைக் கொண்டாடினவர், திருவாசகத்துக்கு மட்டும் ஏன் பூட்டுப் போட்டார்? 2011-ல அவர் தவறிட்டார். இந்தக் கேள்வியைக் கேட்குற வயசு எனக்கு அப்ப இல்லை.

ஒண்ணு மட்டும் அவர் பக்கம் நின்னு சொல்லணும். அந்த வரிகளைத் தினமும் வாயால சொல்லி வாழ்ந்தவருக்கு இசை பிடிக்காமப் போக முழு உரிமை உண்டு. எடுத்தவன் நல்லாச் சமைச்சானான்னு தாராளமா கேட்கலாம். எடுக்கலாமாங்கிறதுதான் கொடும்பாளூர்ல எப்பவோ தீர்ந்துபோன வழக்கு.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன்ல ராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறினப்ப மாமா போன் பண்ணினார். எழுபதைத் தாண்டியாச்சு. "உங்க தாத்தா இருந்திருந்தா இதுக்கும் எழுந்து போயிருப்பாருடா"ன்னு சிரிச்சார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை.

டிஸ்கி: நான் இசை படிச்சவன் இல்லை, பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. திருவாசகம் கேட்டப்ப உங்க வீட்டுல யார் எழுந்து போனாங்கன்னும் சொல்லிட்டுப் போங்க :-)