முக்தாபாய் காட்டிய வழி

1848-இல் புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்கல்விப் பணியைத் தொடங்கினர். அவர்தம் பள்ளியில் பயின்ற மாங் சமூகச் சிறுமி முக்தாபாய் 14 வயதில் எழுதிய கட்டுரை, 1855-இல் ‘ஞானோதய’ இதழில் வெளிவந்தது. கூரையற்ற இல்லத்தில், மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தம் இனத்துப் பெண்களின் துயரை எடுத்துரைத்து, கற்றோரே, உம் அனுபவங்கொண்டு அதனை உணர்மின் என வேண்டினார்.

தன் உள்ளமும் பிறர் உள்ளமும் அறியும் இத்திறனையே, 1990களில் இலண்டன் உளநூலார் பயிற்சியாக வகுத்தனர்.

இழிசொல் கேட்ட வளரிளம் பெண், குறை தன்னிடமே என மயங்குவதுண்டு. சொன்னவர் உள்ளத்தையும் தன் நோவையும் ஆராயக் கற்றவளோ நிமிர்ந்து நிற்பாள். முக்தாபாய்க்கு எழுதுகோலும், செவிசாய்க்கும் ஆசான்களும் வாய்த்தனர். திருவண்ணாமலையில் பயிலும் நம் பெண்மக்களுக்கும் அவ்விரண்டையும் நாம் அளித்தல் வேண்டும்.