புதுமண்டபத்துக் கடைகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபம் வணிகத்துக்காகக் கட்டப்பட்டதன்று. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், கோடையில் நடக்கும் வசந்த விழாவுக்கென அதை எழுப்பினார். வசந்த மண்டபம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஏறத்தாழ 333 அடி நீளம், 105 அடி அகலம். நான்கு வரிசைத் தூண்கள். விசுவநாத நாயக்கர் முதல் திருமலை வரை பத்து நாயக்கர்களின் சிலைகள். வெக்கை தணிய மண்டபத்தைச் சுற்றி நீர் நிறுத்தும் வாய்க்காலும் இருந்தது.

விழா சில நாள்களில் முடிந்துவிடும். ஆண்டின் மற்ற நாள்களில் கோயில் வாசலிலேயே வெயிலும் மழையும் படாத இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்குமா? வணிகர்கள் வந்தார்கள், தூண்களுக்கு இடையில் கடைகள் முளைத்தன, கோயிலுக்கு வாடகை வந்தது. லண்டனில் 1819இல் திறக்கப்பட்ட பர்லிங்டன் ஆர்கேடு கூரைக்குக் கீழ் சிறுகடைகளை வரிசையாக அமைத்துப் புகழ் பெற்றது. மதுரையில் அப்படியொரு திட்டம் போட்டவர் யாருமில்லை. ஆனாலும் ஒரே கூரைக்குள் எல்லாம் கிடைக்கும் அங்காடியாகப் புதுமண்டபம் தானே உருவாயிற்று.

கடைக்காரர்கள் உள்ளூர்க் குடும்பத்தினர்; தலைமுறை மாறினாலும் கடை மாறாது. பித்தளை, எவர்சில்வர் பாத்திரம், வளையல், மஞ்சள் குங்குமம், பூசைச் சாமான் எல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால் மண்டபத்துக்குத் தனி அடையாளம் தந்தவை இரண்டு தொழில்கள்: புத்தகமும் தையலும்.

மதுரை படிப்பாளிகளின் ஊர். அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கியது. பாண்டித்துரைத் தேவர் முன்னின்று 1901இல் தமிழ்ச் சங்கம் நிறுவினார். அச்சுப் புத்தகத்துக்கு ஆள் இருந்தது. இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன், இ. ராம. குருசாமிக் கோனார் ஆகியோரின் புத்தகக் கடைகள் விற்பனையோடு நிற்காமல் பதிப்பிலும் இறங்கின. அம்மானை, நாடகப் பாட்டு, சித்த மருத்துவம், பக்தி நூல் எனப் பல வகை வெளியீடுகள் “மதுரை, புதுமண்டபம்” என்ற முகவரியோடு தென்மாவட்டச் சிற்றூர்களுக்குப் போயின. தமிழ்ப் பதிப்புலகம் என்றால் சென்னையை மட்டுமே பேசும் வழக்கம் இந்தக் கடைகளுக்கு நியாயம் செய்யவில்லை.

தையல்காரர்களுக்குச் சித்திரை மாதம்தான் அறுவடை. அழகர் ஆற்றில் இறங்கும்போது திரி எடுப்போரும் தண்ணீர் பீய்ச்சுவோரும் உடுத்தும் வண்ண உடை, தலைக் குல்லா, சல்லடம் எல்லாம் இங்கே தைக்கப்பட்டன. தேருக்குத் தொம்பை, சாமிக்குப் பட்டு, கோயிலுக்குக் குடை ஆகியவையும் அப்படியே. தைத்தவர்களில் பலர் இஸ்லாமியர். மதுரைக்காரர்களுக்கு இது செய்தியே அல்ல. வெளியூர் நிருபர்கள்தான் ஆண்டுதோறும் வியந்து எழுதுவார்கள்.

கடைகள் பெருகப் பெருகச் சிற்பங்கள் மறைந்தன. துணிமூட்டைக்குப் பின்னால் நாயக்கர் நின்றார். தூண்களில் ஆணி ஏறியது, பலகை ஏறியது, மின்கம்பி ஏறியது. மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலம் பேச்சாகவே இருந்தது. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன. மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்தது. அதன்பின் கோயில் வளாகக் கடைகளை அகற்றும் நடவடிக்கை நீதிமன்றம் வரை சென்று வேகம் பிடித்தது.

புதுமண்டபத்தின் ஏறத்தாழ 300 கடைகளுக்கு மாற்றிடமாக அருகிலிருந்த குன்னத்தூர் சத்திரத்தை மாநகராட்சி சீர்மிகு நகரத் திட்டத்தில் புதிதாகக் கட்டியது. சிற்பங்களைக் காப்பாற்ற வேறு வழி இல்லை, மாற்றியது சரியே. ஆனால் கோபுர வாசலில் இறங்கும் பக்தரின் கண்ணில் முதலில் படும் கடை என்ற வசதி மாடிக் கட்டடத்துக்குக் கிடையாது. மண்டபம் இப்போது கோயிலின் பொறுப்பில் சீரமைப்புக்கு உரிய இடம். பழைய கடைக்காரர்களின் முகவரி குன்னத்தூர் சத்திரம்.